வீட்டில் ஆள் இருக்க ‘டோர் லாக்டு’ என்று பதிவு: தாமதமாகும் கூரியர் பார்சலை மீட்பது எப்படி?

சென்னையில் இருக்கும் உங்கள் தங்கை, பழுது பார்த்து வாங்கிய அம்மாவின் காதுக் கருவியைத் தனியார் கூரியரில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று நாளில் சேர்ந்துவிடும் என்று சொல்லி வாங்கிக்கொண்ட பார்சல் பதினோரு நாளாகியும் வரவில்லை. டிராக்கிங்கில் மதுரை, பிறகு திருச்சி, மறுபடியும் மதுரை, திருநெல்வேலி என்று சுற்றிவிட்டு, கடைசியில் இரண்டு நாள் காலையில் ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்றும், இரண்டு நாளும் மாலையில் ‘டோர் லாக்டு’ என்றும் பதிவாகியிருக்கிறது. அம்மா திண்ணையை விட்டு நகர்வதில்லை, வீடு பூட்டிக் கிடந்த நாளே இல்லை என்கிறீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ எப்போது கேட்டாலும் ‘இன்னும் 24 மணி நேரத்தில்’ என்ற ஒரே பதில். இவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் பயன் உண்டா என்பது நீங்கள் எழுப்பிய கேள்வி. அதற்கு முன்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருப்பதாக நினைக்கிறேன்: பார்சல் இப்போது யார் கையில் இருக்கிறது, அதை நகர்த்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பது. அது தெளிந்தால் மற்ற இரண்டுக்கும் விடை தானாகவே வரும்.

நான் தனியார் கூரியர் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன். தொடக்கத்தில் ஒரு கிளையின் கவுன்ட்டரிலும், பின்னர் மதுரையில் ஒரு ஹப்பிலும் (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் மையம்), கடைசியாகப் புகார்ப் பிரிவிலும் வேலை பார்த்தேன். வழக்கறிஞர் அல்லேன். சட்டம் பற்றி இங்கே எழுதுவது, நிறுவனத்தின் தரப்பில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையங்களுக்கு, அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றங்களுக்கு, போய்வந்ததில் கற்றது. உங்கள் பார்சலைக் கையாளும் நிறுவனத்தின் உள் நடைமுறைகளை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பார்சல் போகும் வழி எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கவுன்ட்டரில் புக்கிங் ஆகும் பார்சல், அன்று மாலை குறிப்பிட்ட நேரத்துக்கு முன்பு வந்திருந்தால் மட்டுமே அன்றைய வண்டியில் ஏறும். கிளையிலிருந்து ஊரின் ஹப்புக்குப் போய், அங்கே பின்கோடைப் பார்த்துப் பிரிக்கப்பட்டு, ஒரே திசைக்குப் போகும் மற்ற சிறு பார்சல்களோடு ஒரு பையில் போட்டுச் சீல் வைக்கப்படும். அதன் பிறகு அடுத்த ஹப்பில் பை பிரிக்கப்படும்வரை உங்கள் பார்சலுக்குத் தனியாக ஓர் அடையாளம் கிடையாது. பைக்குத்தான் எண், பைக்குத்தான் ஸ்கேன். மதுரை ஹப்பில் இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் சென்னை, கோவை, பெங்களூர் வண்டிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். பையின் பார்கோடை ஒருவர் ஸ்கேன் செய்ததும் அதற்குள் இருப்பதாகப் பட்டியலில் உள்ள அத்தனை பார்சலுக்கும் ‘மதுரை வந்தடைந்தது’ என்று பதிவு விழுந்துவிடும். பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பட்டியலில் இருந்த ஒன்று பையில் இல்லை என்பது சில சமயம் அரை நாள் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே டிராக்கிங்கில் ஒரு ஹப்பின் பெயர் வந்திருப்பதை, அந்தப் பார்சலை ஒருவர் கண்ணால் பார்த்தார் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஹப்பிலிருந்து அடுத்த இடத்துக்குப் புறப்பட்டதாகப் பதிவு இருந்தால், அது கொஞ்சம் கூடுதல் நம்பிக்கைக்குரியது; மறுபடியும் பையில் போட்டபோது தனியாக ஸ்கேன் ஆகியிருக்கும்.

திருச்சிக்குப் போன கதைக்கு வருகிறேன். சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், அம்மாவட்டம் 2019இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பின்கோடு மாறவில்லை, இன்றும் 627இல்தான் தொடங்குகிறது. முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்துத்தான் ஹப்பில் பிரிப்பார்கள். 627 என்பதைக் கையால் அவசரமாக எழுதினால், ஏழு ஒன்றைப் போலத் தெரியும். 621 என்பது திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும். இந்த இரண்டும் மாறிப்போவது நான் வேலை பார்த்த இடத்தில் சாதாரணமாக நடந்தது. ஆனால் கவுன்ட்டரிலேயே 621 என்று தவறாகத் தட்டச்சு செய்திருந்தால், பார்சல் சென்னையிலிருந்து நேராகத் திருச்சிப் பையில் போயிருக்கும். மதுரையை எட்டிப் பார்த்தே இருக்காது. உங்கள் பார்சல் முதலில் மதுரைக்கு வந்து, பிறகுதான் வடக்கே திரும்பியிருக்கிறது. எனவே கணினியில் ஏறிய முகவரி சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தவறு மதுரையில், பை மாற்றிப் போட்ட கையில் நேர்ந்திருக்கிறது. இதை ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். லேபிளில் இருந்த எண்ணை ஒருவர் கண்ணால் தவறாகப் படித்ததால் போனதா, பக்கத்தில் கிடந்த பையில் கை தவறி விழுந்து போனதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. தங்கை பார்சலை ஒட்டிக் கொடுத்தபோது படம் எடுத்திருந்தால், அதில் ஏழு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று நாள் என்ற வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. புக்கிங் திரையில் அனுப்பும் பின்கோடும் சேரும் பின்கோடும் கொடுத்ததும் ஒரு தேதி வரும். அது அந்தப் பாதைக்கு நிறுவனம் வைத்திருக்கும் அட்டவணையிலிருந்து வருவது. பார்சல் தவறான பையில் ஏறியதோ, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஹப்பில் மூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடப்பதோ அந்தத் தேதிக்குத் தெரியாது. மேலும் பல கிராமங்களைத் தனியார் நிறுவனங்கள் ‘ஓ.டி.ஏ.’ என்று குறித்து வைத்திருக்கும். அதாவது அன்றாட டெலிவரி எல்லைக்கு வெளியே உள்ள ஊர். அத்தகைய ஊர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளோ, ஐந்தாறு பார்சல் சேர்ந்த பிறகோதான் ஆள் போவார். கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை, சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதால்.

இனி, உங்களை அதிகம் கோபப்படுத்திய ‘டோர் லாக்டு’. டெலிவரிக் கிளையில் காலையில் பைகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு டெலிவரிப் பையனுக்கும் உரிய பார்சல்கள் அவர் பெயரில் ஒரு பட்டியலாக ஏற்றப்படும். ஏற்றிய கணத்தில் அத்தனைக்கும் ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று உங்கள் போனுக்குச் செய்தி வரும். பார்சல் வண்டியில் ஏறியதா, மேசைக்கு அடியிலேயே கிடக்கிறதா என்பதை அந்தச் செய்தி சொல்லாது. மாலையில் பட்டியலை மூடியாக வேண்டும். கொடுக்காத ஒவ்வொரு பார்சலுக்கும் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பையனிடம் இருக்கும் ஸ்கேன் கருவி பட்டியலை மூட விடாது. அங்கே இருக்கும் காரணங்கள் ‘டோர் லாக்டு’, ‘கன்சைனி நாட் அவைலபிள்’ (பெறுபவர் இல்லை), ‘அட்ரஸ் இன்கம்ப்ளீட்’, ‘ரெஃப்யூஸ்டு’ போன்றவை. ‘நேரமில்லை, போகவே இல்லை’ என்று பதிவு செய்தால் அது கிளையின் கணக்கில் குறையாக ஏறும். மேலிடத்திலிருந்து கேள்வி வரும், சில நிறுவனங்களில் பிடித்தமும் உண்டு. ‘டோர் லாக்டு’ என்றால் குறை வாடிக்கையாளருடையதாகிவிடும். ஆக, டிராக்கிங்கில் நீங்கள் படிப்பது உங்களுக்காக எழுதப்பட்ட செய்தியே அல்ல. கிளை தன் தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்கும் கணக்கு, அது தற்செயலாக உங்கள் கண்ணிலும் படுகிறது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மாலை ஏழு மணிக்கு மேல் சில நிமிட இடைவெளியில் வரிசையாக இருபது பார்சலுக்கு ‘டோர் லாக்டு’ விழுவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். வெவ்வேறு தெருவில் உள்ள இருபது வீட்டுக் கதவை ஒருவர் அத்தனை விரைவாகத் தட்டிவர முடியாது.

அந்தப் பையனை மட்டும் குற்றவாளியாக்கினால் கணக்கு சரியாக வராது. சிற்றூர்களில் டெலிவரிக் கிளை என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கிளையாக இருக்காது. உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபிரான்சைஸி எடுத்து, செராக்ஸ் கடையோடோ மொபைல் கடையோடோ சேர்த்து நடத்துவதாக இருக்கும். பையனுக்குக் கொடுத்து முடித்த பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பெட்ரோல் பல இடங்களில் அவர் செலவு. நகரத் தெருவில் ஒரு மணி நேரத்தில் பத்து வீடு முடிப்பவர், ஒரே ஒரு பார்சலுக்காகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அன்றைய கூலி வண்டிக்கே போய்விடும். அதனால்தான் ‘மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா?’ என்று போன் வருகிறது. வீட்டு வாசல்வரை கொண்டுவருவதற்கான பணத்தை நிறுவனம் உங்கள் தங்கையிடம் வாங்கிவிட்டது. அதில் எவ்வளவு அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் நோய் இருக்கிறது. இதைச் சொல்வது அவர்களை நியாயப்படுத்த அல்ல. கிளையில் போய்ப் பேசும்போது எதிரில் நிற்பவர் யார், அவரால் எது முடியும் என்று தெரிந்து பேசினால் காரியம் நடக்கும்.

அதிகாரம் யாரிடம் என்ற கேள்விக்கு நேரான பதில்: அனுப்பியவரிடம். பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்தவர் உங்கள் தங்கை. நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் அவரே. பெறுபவர் எத்தனை முறை கூப்பிட்டாலும், எதிர்முனையில் இருப்பவர் ‘நினைவூட்டல்’ ஒன்றைப் பதிவு செய்வார், அவ்வளவுதான். முகவரியை மாற்றுவது, கிளையிலேயே நிறுத்தி வைக்கச் சொல்வது, திருப்பி அனுப்பாதே என்று தடுப்பது, தொலைந்ததாகப் புகார் தொடங்குவது ஆகிய எல்லாம் அனுப்பியவர் சொன்னால்தான் நகரும். ஆன்லைன் கடையில் வாங்கிய பொருளானால் அனுப்பியவர் அந்தக் கடை. அப்போது கூரியரைத் துரத்துவதில் பொருளே இல்லை, கடையைத்தான் பிடிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கடை இல்லை. அதனால் இந்த விதி உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு இப்போது அவசரம் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை டெலிவரி முயன்றதாகப் பதிவாகிவிட்டது. பெரும்பாலான நிறுவனங்களில் மூன்றாவது முறையும் தவறினால் பார்சல் ‘ஆர்.டி.ஓ.’ ஆகிவிடும், அதாவது அனுப்பிய ஊருக்கே திரும்பிப் போகும். அந்தப் பதிவு விழுந்த பிறகு தடுப்பது கடினம். பையில் ஏறிவிட்டால் சென்னை போய்த்தான் நிற்கும். ஆகையால் நாளைக் காலையில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தங்கை தன் மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும், அவர்களது இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கும், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, பார்சலைத் திருப்பி அனுப்பக் கூடாது, டெலிவரிக் கிளையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும், பெறுபவர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார் என்று எழுத வேண்டும். நீங்கள் ரசீதின் படத்தையும் அம்மாவின் அடையாள அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு, பையன்கள் பட்டியல் ஏற்றும் நேரத்தில், அதாவது காலை ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள், டெலிவரிக் கிளைக்குப் போக வேண்டும். பதினொரு மணிக்குப் போனால் பார்சல் உண்மையாகவோ கணக்குக்காகவோ வெளியே போயிருக்கும், மாலை வாருங்கள் என்பார்கள். எந்தக் கிளை என்பது டிராக்கிங்கின் கடைசி வரியில் இருக்கும். இல்லாவிட்டால் திருநெல்வேலி ஹப்பின் எண்ணைத் தங்கையின் புக்கிங் கிளையில் கேட்டு வாங்கலாம். புக்கிங் கிளைக்காரருக்கு ஹப்போடு வாட்ஸ்அப் குழு இருக்கும். பொது எண்ணில் ஒரு வாரம் பேசிக் கிடைக்காத பதில் அந்தக் குழுவில் அரை மணியில் கிடைப்பதுண்டு.

கிளைக்குப் போவது உங்கள் கடமையா என்றால், இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரத்தான் பணம் கொடுத்தது. ஆனால் காதுக் கருவி இல்லாமல் இருப்பது அம்மா. முதலில் பொருளைக் கைப்பற்றுங்கள். பொருளை வாங்கிக்கொண்டதால் தாமதத்துக்கான புகார் செத்துப்போய்விடாது.

புகாரை எழுதும்போது கோபத்தைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். என்று புக்கிங், எத்தனை நாளில் என்று சொன்னார்கள், எந்தெந்த நாளில் எந்தெந்தப் பதிவு, ‘டோர் லாக்டு’ என்று பதிவான இரண்டு நாளும் வீட்டில் யார் இருந்தார்கள், அன்று உங்கள் எண்ணுக்கு அழைப்பு வந்ததா என்பதை அப்படியே எழுதுங்கள். டிராக்கிங் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். பார்சல் கொடுத்து முடிந்த சில மாதங்களில் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும். பிறகு, ‘டோர் லாக்டு’ பதிவு போடப்பட்டபோது பையனின் ஸ்கேன் கருவி எந்த இடத்தில் இருந்தது என்ற இருப்பிடத் தகவலைக் கேளுங்கள். பல நிறுவனங்களின் கையடக்கக் கருவிகளும் செயலிகளும் அந்தத் தகவலைச் சேமிக்கின்றன. உங்கள் நிறுவனம் சேமிக்காததாக இருந்தாலும் கேட்பதில் நட்டமில்லை. புகார்ப் பிரிவில் இருந்த காலத்தில், இந்த ஒரு கேள்வி உள்ள கடிதம் மற்றவற்றைவிட முன்னால் எடுக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். பத்து நாளில் தக்க பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்யலாம். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல, புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்கும் இடம். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் அங்கிருந்து வரும் புகார்களுக்கென்றே ஆள் வைத்திருப்பதால் தொலைபேசி மையத்தைவிட அது மேல்.

சட்டத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பணம் கொடுத்தவரை மட்டுமல்லாமல், அவருடைய ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. எனவே நிறுவனம் என்ன சொன்னாலும், ஆணையத்தின் முன் உங்கள் அம்மாவுக்கும் நிற்கும் உரிமை இருக்கிறது. வழக்கைச் சென்னையில்தான் போட வேண்டும் என்பதில்லை; புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, ஆணையங்களுக்கான இணையதளமான இ-ஜாக்ரிதியின் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கால எல்லை 2 ஆண்டு. இவை எல்லாம் உறுதி. சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத வழக்கை எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில், நிறுவனத்தின் பொறுப்பு இவ்வளவு ரூபாய்க்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருப்பார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனத்துக்கும் டி.ஹெச்.எல். கூரியருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பு 100 டாலர் என்று வரையறுக்கப்பட்டிருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. மாநில ஆணையம் லட்சக்கணக்கில் கொடுக்கச் சொல்லியிருந்த இழப்பீடு அந்த 100 டாலருக்குச் சுருங்கியது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு முறையும் இந்தத் தீர்ப்பைத்தான் மேசையில் வைப்பார்கள். ஆனால் அது கையெழுத்தோடு கூடிய ஒப்பந்தத்தைப் பற்றியது. அனுப்பியவரிடம் கையெழுத்தே வாங்கவில்லை, நிபந்தனையைக் காட்டவும் இல்லை என்ற நிலையில், அந்த வரம்பு செல்லாது என்று சொன்ன ஆணையங்களும் உண்டு, செல்லும் என்றவையும் உண்டு. தங்கை கையெழுத்திட்டாரா என்பது அதனால் முக்கியம். அதே ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (இழப்பு பொருளுக்கு உரியவர் பொறுப்பு) என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறதா, பொருளின் மதிப்பை எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெரும்பாலும் மதிப்பு எழுதும் இடம் வெறுமையாகத்தான் இருக்கும். பொருள் பத்திரமாக வந்துவிட்டால், வெறும் தாமதத்துக்கு நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது கூரியர் கட்டணமும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்குமாகச் சில ஆயிரங்களும் என்பது என் அனுபவம். தொலைந்துபோனால் கதை வேறு. காதுக் கருவியின் விலைக்கான பில்லும் பழுதுபார்த்த ரசீதும் இருந்தால் வழக்குப் போடுவதில் பொருள் இருக்கிறது.

கூரியரில் அல்லாமல் லாரி பார்சல் சர்வீஸில் மூட்டை அனுப்புகிறவர்களுக்கும் இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால், சரக்கு தொலைந்ததற்கோ சேதமடைந்ததற்கோ பிறகு வழக்குப் போட முடியாது. மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்குரிய கட்டணமும் கட்டியிராவிட்டால், பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும்.

அஞ்சல் துறையில் அனுப்பியிருக்கலாமே என்று உங்களுக்கு இந்நேரம் பலர் சொல்லியிருப்பார்கள். பாதி சரி. நாட்டில் இருக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பெரும்பகுதி கிராமங்களில் இருக்கிறது. உங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவருபவருக்கு அம்மாவையும் திண்ணையையும் தெரியும். அவருக்குக் கூலி பார்சல் கணக்கில் இல்லை. 1986 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய ஸ்பீட் போஸ்ட்டில் 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் இணைந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல், 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்டினால் ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. காதுக் கருவியைக் கிராமத்துக்கு அனுப்ப நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மறுபாதி, தவறு நேர்ந்தால் வழக்காடும் இடம். 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தொலைப்பு, தாமதம், சேதம் ஆகியவற்றுக்கு அரசுக்குப் பொறுப்பில்லை என்றே வைத்திருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டமும் 10ஆம் பிரிவில், விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது; ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால்தான் அவர்மேல் பொறுப்பு வரும். ஆகவே வழக்குப் போட்டு வெல்வது தனியாருக்கு எதிராகச் சற்று எளிது. அதே வேளையில் தனியாரிடம் இல்லாத வேறு இரண்டு வழிகள் அங்கே உண்டு: மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் போடும் புகாருக்கு 21 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது; 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், அந்தக் கட்டு எந்தெந்த நாளில் யாரிடம் இருந்தது என்று கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பார்சலுக்காகக் காத்திருப்பவர்களைக் குறிவைத்து நடக்கும் ஏமாற்று பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, இந்த இணைப்பில் சரிசெய்து இரண்டு ரூபாய் கட்டவும்’ என்று குறுஞ்செய்தி வரும். பதினோரு நாள் காத்திருந்தவர் யோசிக்காமல் அட்டை விவரங்களைக் கொடுத்துவிடுவார். அஞ்சல் துறையின் பெயரிலேயே இப்படிச் செய்திகள் வந்து, அவை போலி என்று அரசு அறிவித்திருக்கிறது. இன்னொரு வகையில், கூரியர் பையன் என்று ஒருவர் பேசி, *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வார். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர் எண்ணுக்குத் திரும்பிவிடும், வங்கி ஓ.டி.பி.யைச் சொல்லும் அழைப்பும் சேர்த்து. இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களிலும் போலிகள் மலிந்திருக்கின்றன. ரசீதில் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

பார்சல் கைக்கு வரும்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். திருச்சி போய் வந்த பெட்டி, பலமுறை பை மாறியிருக்கும். டேப் அவிழ்ந்து மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெலிவரித் தாளில் ‘பெட்டி சேதமுற்ற நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அதைப் படமெடுத்த பிறகு கையெழுத்திடுங்கள். தாள் இல்லாமல் பையனின் ஸ்கேன் கருவித் திரையில் விரலால் கையெழுத்து வாங்கினால், அதே சொற்களை அங்கேயே நின்று தங்கையின் மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக, ரசீது எண் தெரியும்படி போனில் பதிவு செய்யுங்கள். காதுக் கருவியை அம்மாவின் காதில் பொருத்திப் பார்த்து, கேட்கிறது என்று அவர் சொன்ன பிறகு பெட்டியையும் லேபிளையும் தூக்கிப் போடலாம்; கேட்கவில்லை என்றால் இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு எனக்கு இங்கேயே எழுதுங்கள், ரசீதின் இரு பக்கப் படத்தோடு. எண்ணையும் முகவரியையும் மறைத்துப் போடுங்கள்.